நீர்த்த இரத்தமும் நீர்க்கும் மாத்திரையும்

சென்ற குளிர்காலத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காப்பி அருந்தியவாறு கலைந்துகொண்டிருந்த வேளையில், உறுப்பினர் ஒருவரின் இல்லத்தரசியார் நம்மிடம் ஒரு செய்தி சொன்னார். அவருடைய மாமனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைநகருக்கு வரவழைக்கப்பெற்று, இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் இருதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஒன்பதாம் நாள் வீடு திரும்பியவர். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள்களை அங்கிருந்தவர்கள் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் விரைவாக விளக்கினார்கள். பெரியவருக்கு இரண்டும் பழக்கமில்லை. மகனோ அந்நேரம் கட்டணம் செலுத்தும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு வாரம் சென்றபின் மருமகள் தற்செயலாக மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தார். ஆஸ்பிரின் மாத்திரைகள் நான்கு மிகுதியாக இருந்தன. கேட்டபோது பெரியவர் சிறிதும் தயங்காமல் விடை கூறினார்: "ஹீமோகுளோபின் ஒன்பதுதான் என்றார்களே, அம்மா. இரத்தமே தண்ணீராய்ப் போயிருக்கிறது. அதை மேலும் நீர்க்கச் செய்ய ஒரு மாத்திரை எதற்கு? இரத்தம் கொஞ்சம் ஊறட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன்."

நல்லவேளையாகத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. மருமகள் அன்றே வைத்தியரிடம் தொலைபேசியில் பேசினார்; மாத்திரை மீண்டும் தொடங்கப்பெற்றது. ஆயினும் அப்பெரியவரின் கேள்வி அறியாமையால் எழுந்தது என்று தள்ளிவிடத் தக்கதன்று. 'இரத்தம் நீர்க்கும் மாத்திரை' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பரிசோதனைத் தாளோ இரத்தம் நீர்த்திருப்பதாகச் சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எவருக்கும் தோன்றக்கூடிய ஐயமே அது. கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் நம்மவர் இல்லங்களில் ஊரிலிருந்து வந்து சிகிச்சை பெற்றுத் தங்கியிருக்கும் பெற்றோர் பலர். அவர்களுக்காகவே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு விடை காண முயல்வோம்.

இரத்தத்தின் பாகுத் தன்மை

நீரை ஊற்றினால் ஓடுகிறது. நல்லெண்ணெய் சற்றே தயங்கி ஓடுகிறது. வெல்லப் பாகு மெல்ல இறங்குகிறது. ஓடும் பொருள் தன் ஓட்டத்துக்குத் தானே காட்டும் இந்தத் தயக்கத்தைப் பாகுத் தன்மை என்பர். மனித இரத்தத்தின் பாகுத் தன்மை நீருடையதைப் போல் ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு. சிவப்பணுக்களை நீக்கிய தெளிந்த நீராகிய பிளாஸ்மாவோ நீரைவிடச் சிறிதளவே தடித்தது. ஆகவே இரத்தத்துக்குத் தடிப்பைத் தருவதில் முதலிடம் சிவப்பணுக்களுக்கே உரியது. ஆரோக்கியமான ஆணின் இரத்தத்தில் அவை நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை இடம்பெறுகின்றன.

இரண்டாம் இடம் ஃபைப்ரினோஜென் என்னும் புரதத்துக்கு. கல்லீரலில் உண்டாகி பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் இப்புரதம், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. இது பெருகினால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நாணயங்களை அடுக்கி வைத்தாற்போல் வரிசை வரிசையாகச் சேர்கின்றன. இரத்தம் விரைந்து பாயும் பெருநாளங்களில் அவ்வரிசைகள் கலைந்துவிடும்; மெதுவாக ஊரும் சிறு நாளங்களில் கலையாமல் நின்று தடிப்பைக் கூட்டும். இரத்தம் உறையும்போது வலை பின்னும் நூலாக மாறுவதும் இதே ஃபைப்ரினோஜென்தான். பின்னே வரும் செய்திக்கு இது முக்கியமாதலின் நேயர்கள் நினைவில் கொள்வார்களாக.

குழாயில் ஓடும் திரவத்தைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாஸே என்பவர் ஓர் உண்மையைக் கண்டார். பாகுத் தன்மை இரு மடங்கானால் ஓட்டம் பாதியாகும். ஆனால் குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் நாளங்களில் கொழுப்புப் படிந்து குறுகும்போது நோயாளி படியேற முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுவே. அடைபட்ட இடத்தைச் சுற்றி வேறொரு நாளத்தால் புதுவழி அமைப்பதே பைபாஸ் சிகிச்சை.

புதுவழி வந்த கதை

1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜான் கிப்பன் என்னும் அறுவை நிபுணர், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, திறந்த இருதயத்தில் சிகிச்சை செய்து வெற்றி கண்டார். 1964இல் லெனின்கிராடில் கொலெசோவ் மார்பின் உட்புறத் தமனியை இருதய நாளத்துடன் இணைத்தார். 1967இல் கிளீவ்லாந்தில் அர்ஜென்டீனா நாட்டவரான ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு பைபாஸ் செய்து, அம்முறையை உலகெங்கும் பரவச் செய்தார். நம் நாட்டில் இச்சிகிச்சையின் தொடக்கம் சென்னையிலே என்பது தமிழர் பெருமை கொள்ளத் தக்கது. 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்த சிகிச்சையே இந்தியாவின் முதல் பைபாஸ் என்று போற்றப்படுகிறது.

மேசைமேல் நிகழ்வது

இயந்திரத்தின் குழாய்களில் இரத்தம் புகுந்தால் உடனே உறைந்துவிடும். அதைத் தடுக்க ஹெப்பாரின் என்னும் மருந்து செலுத்தப்படுகிறது. பால்டிமோரில் 1916இல் மக்லீன் என்னும் மாணவரும் அவருடைய ஆசிரியர் ஹவலும் நடத்திய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது இம்மருந்து. சிகிச்சை முடிந்ததும் ப்ரோட்டமின் என்ற மாற்று மருந்தால் அதன் ஆற்றல் முறிக்கப்படுகிறது.

இயந்திரத்தின் குழாய்களை முதலில் உப்புநீர் போன்ற திரவத்தால் நிரப்புவார்கள். அது ஒரு லிட்டருக்கு மேலும் இருக்கும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அந்நீர் முழுதும் நோயாளியின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நூற்றுக்கு 40க்கு மேல் இருந்த சிவப்பணுப் பங்கு 30க்கும் சில வேளை அதற்குக் கீழும் இறங்குகிறது. உடலைக் குளிர்விக்கும்போது இரத்தம் தடிக்குமாதலால், இந்த நீர்ப்பு அங்கே நன்மையும் செய்கிறது. ஆனால் சிகிச்சையில் இழந்த இரத்தமும் இதனோடு சேர, நோயாளி வெளிவரும்போது ஹீமோகுளோபின் குறைந்தே இருக்கும். பெரியவர் கண்ட 'ஒன்பது' என்னும் எண்ணின் வரலாறு இதுதான். சிகிச்சை தவறியதற்கு அது அடையாளமன்று.

உடல் மூட்டும் நெருப்பு

இரத்தம் பிறந்தது முதல் நாளங்களின் உட்சுவரையன்றி வேறொன்றையும் தொட்டறியாதது. இயந்திரத்தின் செயற்கைப் பரப்புகளில் அது படும்போது அயலார் புகுந்த வீடுபோல் விழித்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. மார்பெலும்பை அறுத்ததாலும், காலில் கீறியதாலும், சற்று நேரம் இரத்தமின்றி இருந்த இருதயத்துக்கு மீண்டும் இரத்தம் பாய்ந்ததாலும் அக்கிளர்ச்சி வலுக்கிறது. சில மணி நேரத்துக்குள் இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் கல்லீரலுக்குச் செய்தி கொண்டு செல்கிறது. காயம் பட்டுவிட்டது, ஆறுவதற்கு வேண்டியவற்றை அனுப்பு என்பதே அச்செய்தி.

கல்லீரல் இரண்டு பொருள்களை மிகுதியாக உண்டாக்கி அனுப்புகிறது. ஒன்று சி.ஆர்.பி. எனப்படும் புரதம், 1930இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. ஒரு லிட்டரில் 5 அல்லது 10 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டிய இது, சிகிச்சைக்குப்பின் இரண்டாம் மூன்றாம் நாட்களில் 100ஐயும் 150ஐயும் கடந்து நிற்பது வழக்கம். பின்னர் நாளுக்கு நாள் இறங்குகிறது. மற்றொன்று நாம் முன்னர் கண்ட ஃபைப்ரினோஜென். நீர்ப்பின் காரணமாக முதல் நாள் குறைந்திருந்த அது, அடுத்த சில நாட்களில் இயல்பளவைத் தாண்டி உயர்ந்து, பல வாரம் உயர்ந்தே இருப்பதுண்டு. ஈ.எஸ்.ஆர். என்ற எண் பெருகித் தோன்றுவதும் இதனாலேயே. சிவப்பணு குறைந்திருப்பதும் அவ்வெண்ணைக் கூட்டும். ஆதலால் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் ஈ.எஸ்.ஆர். மட்டும் உயர்ந்திருக்கக் கண்டு கலங்குதல் வேண்டா.

இந்த அழற்சியை அடக்கிவிட்டால் என்ன என்று அறிஞர்கள் எண்ணாமலில்லை. நெதர்லாந்தில் 4,494 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2012இல் வெளியான ஆய்விலும், 18 நாடுகளில் 7,507 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான ஆய்விலும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் சிகிச்சையின்போது தரப்பட்டன. மரணமும் பெருந்துன்பங்களும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இயந்திரமின்றி, துடிக்கும் இருதயத்திலேயே பைபாஸ் செய்யும் முறை நம் நாட்டில் பெரிதும் கையாளப்படுகிறது. அங்கும் சி.ஆர்.பி. உயரவே செய்கிறது, அறுத்த காயமே அதற்குப் போதுமானது. அடுப்பில் நெருப்பில்லாமல் சோறு வேகாது. அழற்சியின்றிப் புண்ணும் ஆறாது. நெருப்பு அடுப்பை விட்டு வெளியே பரவாமல் பார்த்துக்கொள்வதே நம் கடன்.

பெரியவரின் கேள்விக்கு விடை

இனி, இரண்டாம் வாரத்தில் நோயாளியின் இரத்தம் எந்நிலையில் இருக்கிறது என்று பார்ப்போம். சிவப்பணு குறைவு, ஆகவே அளந்து பார்த்தால் இரத்தம் மொத்தத்தில் நீர்த்திருக்கலாம். ஆனால் அதே இரத்தத்தில் உறைவலை பின்னும் ஃபைப்ரினோஜென் மிகுதி. காயத்தை அடைக்க ஓடிவரும் தட்டணுக்களோ முதல் சில நாட்களில் குறைந்து, இரண்டாம் வாரத்தில் முன்னிருந்ததற்கும் மேலாகப் பெருகுகின்றன. சுருங்கச் சொன்னால், ஓடுவதற்கு எளிதாயும் உறைவதற்கு விரைவாயும் ஒரே இரத்தம் ஒரே காலத்தில் இருக்கக் கூடும். நீர்த்திருத்தல் வேறு, உறையாதிருத்தல் வேறு.

காலிலிருந்து எடுத்து இருதயத்தில் தைத்த சிரை, அங்குள்ள அழுத்தத்துக்குப் பழகாதது. அதன் உட்சுவர் எடுக்கும்போதும் தைக்கும்போதும் சிறிது சிராய்ந்திருக்கும். முதல் மாதத்தில் அது அடைபட்டால் காரணம் பெரும்பாலும் இரத்த உறைவே. ஓராண்டுக்குள் இவ்வாறு அடையும் சிரைகள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். மார்புத் தமனி அவ்வாறன்று. பத்தாண்டு சென்றபின்னும் நூற்றுக்குத் தொண்ணூறளவில் அது திறந்தே இருக்கிறது.

ஆஸ்பிரின் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. சாற்றில் நீர் ஊற்றுவது போன்ற வேலை அதனுடையதன்று. தட்டணுக்கள் ஒன்றோடொன்று கூடி ஒட்டாதபடி அவற்றின் கையைக் கட்டுவதே அதன் தொழில். 'இரத்தம் நீர்க்கும் மாத்திரை' என்ற பெயர்தான் பெரியவரை ஏமாற்றியது. 'உறைவு தடுக்கும் மாத்திரை' என்று சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

நான்கு நாள் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆஸ்பிரின் தொட்ட தட்டணு தன் ஆயுள் முழுதும் செயலற்றே இருக்கும். ஆனால் அதன் ஆயுள் ஏறத்தாழ பத்து நாட்களே. ஒவ்வொரு நாளும் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதியனவாகப் பிறக்கின்றன. நான்கு நாள் மாத்திரை இல்லையெனில் பத்துக்கு நான்கு பங்கு கட்டவிழ்ந்த தட்டணுக்கள் உலவத் தொடங்கும். தினந்தோறும் ஒரு சிறு மாத்திரை எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே விடை. பல் பிடுங்கும் வைத்தியர் நிறுத்தச் சொன்னாலும், இருதய வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

இல்லத்தில் கவனிக்க வேண்டியவை

பரிசோதனைத் தாளில் ஒரு நாள் எண்ணைவிட அது செல்லும் திசையே முக்கியம். இறங்கி வந்த சி.ஆர்.பி. மீண்டும் ஏறினால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் கண்டால், மார்புக் காயம் சிவந்து நீரோ சீழோ கசிந்தால், இருமும்போது மார்பெலும்பு 'களுக்'கென்று அசைவதாகத் தோன்றினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்க. சிரை எடுத்த காலில் சிறிது வீக்கம் இயல்பு. கெண்டைச் சதையில் வலியும் சூடும் கூடிய வீக்கமும், திடீர் மூச்சுத்திணறலும் இயல்பல்ல.

சிகிச்சைக்குப்பின் முதல் சில நாட்களில் நான்கு பேரில் ஒருவர் என்ற அளவில் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதுண்டு. அழற்சிக்கும் அதற்கும் தொடர்புண்டு என்பது ஆய்வாளர் கருத்து. வீட்டுக்கு வந்தபின்பும் படபடப்பு, தலைசுற்றல், வாய் கோணல், பேச்சுக் குழறல் தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டா.

மார்பு வலிக்கிறது, தோள் வலிக்கிறது என்று அருகிலுள்ள மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளைத் தாமாக வாங்கி விழுங்குவது நம்மிடையே பரவியுள்ள பழக்கம். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இவை கேடு தரும் என்ற எச்சரிக்கை உண்டு. ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலைக்கும் தடையாக நிற்கும். வலிக்கு எது கொள்ளலாம் என்பதை வைத்தியரே சொல்லட்டும். பாராசிட்டமாலே பெரும்பாலும் போதுமானதாகிறது.

இரத்தம் ஊற வேண்டும் என்ற பெரியவரின் விருப்பம் நியாயமானதே. அதற்கு வழி ஆஸ்பிரினை நிறுத்துவதன்று. வைத்தியர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வதும், பருப்பு, கீரை, கேழ்வரகு முதலியவற்றை உணவில் சேர்ப்பதும் உதவும். மாத்திரை விழுங்கிய கையோடு காப்பி அருந்துவது நம்மவர் வழக்கம். காப்பியும் தேநீரும் இரும்புச்சத்தை உடலில் சேரவிடா. ஆகவே இடையே ஓரிரு மணி நேரம் விடுக. ஹீமோகுளோபின் பழைய நிலைக்கு வரச் சில வாரமும், சிலருக்கு இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். வால்வு சிகிச்சைக்காகவோ துடிப்புக் கோளாறுக்காகவோ வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மருந்து உட்கொள்பவர்கள் மட்டும் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலை மாற்றிவிடும்.

தண்ணீர் குடித்தால் இரத்தம் நீர்க்கும் என்று எண்ணிக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. இருதயம் தளர்ந்திருந்தால் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். வைத்தியர் குறித்த அளவே அளவு. அதே வேளையில், நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர் தில்லியின் ஜூன் மாத வெயிலில் வியர்த்து வாடினால் இரத்தம் உண்மையிலேயே தடிக்கும். தலைசுற்றல் கண்டால் அம்மாத்திரையின் அளவைப் பற்றி வைத்தியரிடம் கேட்பது நலம்.

குளிர்காலத்துக்கும் ஒரு சொல். தென்பாண்டி நாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி மாதத்துத் தில்லிக் குளிர் புதிது. குளிரில் தோலின் நாளங்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. சிறுநீர் மிகுந்து பிரிய, இரத்தமும் சற்றே தடிக்கிறது. ஊரில் பழகிய வைகறை நடையை இங்கே வெயில் ஏறிய பின்னருக்கு ஒத்திப்போடுக. காற்றில் புகைமாசு மிகுந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கூடத்தில் நடந்தால் போதும். நுண்மாசு அழற்சியைத் தூண்டுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இறுதியாக ஒன்று. மருத்துவமனையிலிருந்து பெரியவர்களை அழைத்து வரும் நாளில், தாள்களை விளக்கும் நேரத்தில் குடும்பத்தார் ஒருவர் அருகிலிருப்பது அவசியம். கட்டணம் செலுத்தும் வரிசை காத்திருக்கும். ஒவ்வொரு மாத்திரையின் பெயருக்கும் எதிரே, அது எதற்கு, எவ்வேளை, எத்தனை நாள் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுக. மொழி தெரிந்த அன்பர் துணை வேண்டுவோர் சங்கத்தில் சொன்னால், வர இசைபவர் நம்மிடையே உண்டு.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட பெரியவர் இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். புறப்படும் முன், மருமகள் எழுதி ஒட்டிய தாளைச் சுவரிலிருந்து மெல்லப் பெயர்த்தெடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். அதில் ஆஸ்பிரினுக்கு எதிரே மருமகள் எழுதியிருந்தது இவ்வளவே: "உறையாதிருக்க. நாள்தோறும். மாமா, நிறுத்தக் கூடாது."